டிரைவர் ஏறியிருக்கிறது, மோடமும் தெரிகிறது, இணைப்பு மட்டும் வரவில்லை (டெபியன் 12, குவெக்டெல் இஎம்120)

புதுத்தடம்:
வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப்பில் உள்ளேயே குவெக்டெல் இஎம்120ஆர் மோடம் இருக்கிறது, சிம் போடும் தட்டும் இருக்கிறது. டெபியன் 12, கர்னல் 6.1, மொபைல் மோடங்களை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் 1.20. நெட்வொர்க் மெனுவில் மொபைல் பிராட்பேண்ட் என்று வருகிறது, புது இணைப்பு உருவாக்கவும் விடுகிறது, ஆனால் அதைச் சொடுக்கினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு சத்தமில்லாமல் அணைந்துவிடுகிறது. சிம் நல்ல சிம்தான், போனில் போட்டால் உடனே நெட் வருகிறது. இணையத்தில் தேடினால் ஒருவர் டிரைவரின் மூலநிரலை இறக்கிக் கம்பைல் பண்ணச் சொல்கிறார், இன்னொருவர் கர்னலையே மாற்றச் சொல்கிறார். வேலை பார்க்கிற இயந்திரம் என்பதால் கண்டபடி கைவைக்கத் தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

வேகப்பாதை:
பேக்போர்ட்ஸில் (புதுப் பதிப்புகளைத் தரும் டெபியனின் கூடுதல் களஞ்சியம்) இருந்து புது கர்னல் போட்டுப் பாருங்கள். பிசிஐஇ (லேப்டாப்பின் உள்ளக இணைப்புத் தடம்) வழியாக வேலை செய்யும் மோடங்களுக்கு கர்னலில் ஆதரவு வந்ததே சமீபத்தில்தான். மொபைல் இணைய மோடங்களுக்கான டபிள்யூவான் என்ற தனி உட்பிரிவே 5.13 கர்னலில்தான் சேர்ந்தது. இன்டெல் எக்ஸ்எம்எம்7560 மோடத்துக்கான ஐஓஎஸ்எம் டிரைவர் 5.14இல், மீடியாடெக் டி700க்கான டி7எக்ஸ்எக்ஸ் டிரைவர் 5.19இல். கர்னல் எவ்வளவு புதியதோ அவ்வளவு நல்லது.

கர்னல்வாசி:
வேகப்பாதை சொல்லும் எண்கள் சரி, ஆனால் அந்த எண்களே 6.1 போதும் என்றுதான் காட்டுகின்றன. இஎம்120க்கு வேண்டிய எம்எச்ஐ (பிசிஐஇ வழியாக மோடத்தோடு பேசும் முறை) டிரைவர் 6.1இல் இருக்கிறது. புதுத்தடம், இப்போதைக்கு எதையும் கம்பைல் பண்ணாதீர்கள், கர்னலையும் தொடாதீர்கள். மோடம் வேலை செய்யவில்லை என்றாலே டிரைவர் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. மோடத்துக்கும் உங்கள் பிரவுசருக்கும் நடுவில் நாலைந்து அடுக்கு இருக்கிறது. எந்த அடுக்கில் அறுந்திருக்கிறது என்று கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தால் தேவையில்லாத இடத்தில் கை வைக்க வேண்டியிருக்காது.

முதலில் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டுங்கள். மோடம் இருக்கும் வரியில் 1ஈஏசி:1001 என்ற எண் இருக்கிறதா, அதற்குக் கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்று எம்எச்ஐ-பிசிஐ-ஜெனரிக் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் /டெவ் கோப்புறையில் டபிள்யூவான்0எம்பிம்0 என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கிறதா? இந்த இரண்டும் இருந்தால் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது, பிரச்சினை அதற்கு மேலே.

அதோடு ரேடியோ முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கொடுத்து வயர்லெஸ் வான் என்ற வரியில் சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் இரண்டும் நோ என்றுதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹார்ட் பிளாக் யெஸ் என்று வந்தால் பயாஸில் டபிள்யூவான் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது மோடம் செருகியிருக்கும் எம்.2 இணைப்பில் 8ஆம் பின் வழியாக ரேடியோவை முடக்கும் சைகை போய்க்கொண்டிருக்கலாம். அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

புதுத்தடம்:
பார்த்துவிட்டேன். எண் 1ஈஏசி:1001தான், டிரைவர் எம்எச்ஐ-பிசிஐ-ஜெனரிக், டபிள்யூவான்0எம்பிம்0 கோப்பும் இருக்கிறது. டிமெசேஜில் (கர்னலின் பதிவுகள்) குவெக்டெல்-இஎம்1எக்ஸ்எக்ஸ் சாதனம் கிடைத்தது என்று வருகிறது, பிழை எதுவும் இல்லை. ஆர்எஃப்கில்லில் எல்லாம் நோ.

எம்எம்சிஎல்ஐ (மோடம்மேனேஜரின் கட்டளைக் கருவி) -எம் எனி கொடுத்தால் மோடத்தின் பெயர், ஐஎம்இஐ எல்லாம் வருகிறது. ஸ்டேட் என்ற இடத்தில் டிஸேபிள்ட், பவர் ஸ்டேட் என்ற இடத்தில் லோ. எனேபிள் பண்ணச் சொன்னால் இன்வேலிட் டிரான்சிஷன் என்று ஒரு பிழை.

கர்னல்வாசி:
நினைத்தது சரிதான். பவர் ஸ்டேட் லோ, எனேபிள் பண்ணினால் இன்வேலிட் டிரான்சிஷன், இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எஃப்சிசி பூட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய, மோடத்தோடு எம்பிம் நெறிமுறையில் நேரடியாகப் பேசும் கருவியை வைத்து எம்பிம்சிஎல்ஐ -டி /டெவ்/டபிள்யூவான்0எம்பிம்0 -பி (ஆங்கில p) --குவெரி-ரேடியோ-ஸ்டேட் கொடுங்கள். ஹார்ட்வேர் ரேடியோ ஆன், சாஃப்ட்வேர் ரேடியோ ஆஃப் என்று வந்து, அதை ஆன் பண்ணச் சொன்னாலும் ஆஃபிலேயே நின்றால் பூட்டுதான்.

விஷயம் என்னவென்றால், லேப்டாப்பின் ஆன்டெனா எங்கே இருக்கிறது, பயன்படுத்துபவரின் உடலுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு சக்தியில் அலை போகிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் தயாரிப்பாளர் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் அனுமதி வாங்குகிறார். அந்த அனுமதி மோடத்துக்கு மட்டுமல்ல, மோடமும் அந்த லேப்டாப்பும் சேர்ந்த ஜோடிக்கு. அதனால் மோடம் மின்சாரம் பெற்று எழும்போது ரேடியோவைப் பூட்டிய நிலையில்தான் எழுகிறது, லேப்டாப் பக்கத்திலிருந்து ஒரு மென்பொருள் வந்து குறிப்பிட்ட கட்டளையைச் சொன்னால்தான் திறக்கும். விண்டோஸில் அதைத் தயாரிப்பாளரின் டிரைவர் தொகுப்பே செய்துவிடும், நமக்குத் தெரியாது. லினக்ஸில் முன்பு மோடம்மேனேஜரே தானாகச் செய்துகொண்டிருந்தது. 1.18.4 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். திறக்கும் ஸ்கிரிப்டுகளைத் தொகுப்போடு தருகிறார்கள், ஆனால் பயனர் தானாக முன்வந்து இயக்கினால்தான் வேலை செய்யும்.

உங்களுக்கு வேண்டிய ஸ்கிரிப்ட் ஏற்கெனவே வட்டில் இருக்கிறது. /யூஎஸ்ஆர்/ஷேர்/மோடம்மேனேஜர்/எஃப்சிசி-அன்லாக்.அவைலபிள்.டி என்ற கோப்புறைக்குள் 1ஈஏசி:1001 என்ற பெயரிலேயே இருக்கும். அதற்கு /ஈடிசி/மோடம்மேனேஜர்/எஃப்சிசி-அன்லாக்.டி கோப்புறையில் அதே பெயரில் ஒரு சாஃப்ட் லிங்க் போடுங்கள். பெயர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் மோடத்தின் எண்ணை வைத்துத்தான் மோடம்மேனேஜர் ஸ்கிரிப்டைத் தேடுகிறது. கோப்புறை இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு மோடம்மேனேஜர் சேவையை ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

சாம்பல்திரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கதைதான், ஆனால் என்னுடையது யூஎஸ்பி வழியாக வேலை செய்யும் சியரா வயர்லெஸ் இஎம்7455, எண் 1199:9079. இதுவும் பூட்டா? இன்னொன்று, தானாக நடந்துகொண்டிருந்ததை ஏன் நிறுத்த வேண்டும்? பணம் கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் என் மோடத்தைத் திறக்க நான் எதற்கு ரூட் கோப்புறையில் லிங்க் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்? சாதாரணப் பயனர் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்?

கர்னல்வாசி:
சாம்பல்திரை, உங்கள் எண்ணுக்கும் அதே கோப்புறையில் ஸ்கிரிப்ட் உண்டு. வழிமுறை ஒன்றுதான், உள்ளே நடப்பது மட்டும் வேறு. அது கியூமி நெறிமுறையில், கியூமிசிஎல்ஐ கருவி மூலமாக டிஎம்எஸ்-செட்-எஃப்சிசி-ஆதென்டிகேஷன் என்ற கட்டளையை அனுப்புகிறது.

ஏன் நிறுத்தினார்கள் என்பதில் எனக்கு உங்களோடு பாதி உடன்பாடு. ரேடியோ சக்தியின் வரம்புகள் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும், அவை சரியாக அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பொதுவான ஒரு திட்டத்தால் தெரிந்துகொள்ள முடியாது. தெரியாமல் எல்லாருடைய இயந்திரத்திலும் பூட்டைத் திறந்துவிடுவது சரியல்ல என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் பொறுப்பு லேப்டாப் விற்பவருடையது. சிலர் அதைச் செய்கிறார்கள், லெனோவோ தன் லேப்டாப்புகளுக்கு லினக்ஸிலேயே ஓடும் திறப்பு நிரலை வெளியிட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடு இல்லாதது, பயனருக்கு எதுவும் சொல்லாமல் விடுவதில். இன்வேலிட் டிரான்சிஷன் என்று பிழை காட்டுவதற்குப் பதில், மோடம் பூட்டியிருக்கிறது, திறக்க இதைப் படியுங்கள் என்று டெஸ்க்டாப்பில் ஒரு வரி வந்தால் இந்த இழையில் பாதிக்கே தேவை இருந்திருக்காது.

புதுத்தடம்:
லிங்க் போட்டு சேவையை ரீஸ்டார்ட் பண்ணினேன். நிலைமை மாறவில்லை, பவர் ஸ்டேட் இன்னும் லோதான். நீங்கள் சொன்ன எம்பிம்சிஎல்ஐ கட்டளையைக் கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது டெர்மினல்.

கர்னல்வாசி:
அதுதான் காரணம். ஸ்கிரிப்ட் தானாக எதையும் திறப்பதில்லை, உள்ளே எம்பிம்சிஎல்ஐ கருவியைக் கூப்பிட்டு குவெக்டெல்-செட்-ரேடியோ-ஸ்டேட் ஆன் என்று மோடத்திடம் சொல்கிறது. கருவி இல்லையென்றால் ஸ்கிரிப்ட் தோற்றுத் திரும்பும். டெபியனில் அது லிப்எம்பிம்-யூட்டில்ஸ் என்ற தனித் தொகுப்பில் இருக்கிறது, மோடம்மேனேஜர் நிறுவியிருந்தாலும் அது நிறுவப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. சியரா வைத்திருப்பவர்களுக்கு லிப்கியூமி-யூட்டில்ஸ்.

நிறுவிவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அப்போதும் ஓடவில்லையென்றால் ஸ்கிரிப்டின் உரிமைகளைப் பாருங்கள், கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இயக்கும் அனுமதி இருக்க வேண்டும், மற்றவர் யாரும் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் மோடம்மேனேஜர் அதை ஓட்ட மறுத்துவிடும். ஜர்னல்சிடிஎல் -யூ மோடம்மேனேஜர் கொடுத்தால் மறுத்ததற்கான காரணம் அதிலேயே இருக்கும்.

புதுத்தடம்:
திறந்துவிட்டது! பவர் ஸ்டேட் ஆன், ஸ்டேட் எனேபிள்ட். ரொம்ப நன்றி. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஃபெயில்ட் என்று மாறி, காரணம் சிம்-மிஸ்ஸிங் என்கிறது. சிம் தட்டில்தான் இருக்கிறது, எடுத்துத் துடைத்தும் போட்டுவிட்டேன்.

நான்காவதுபட்டை:
உங்கள் லேப்டாப்பில் இசிம்மும் சேர்ந்து வருகிறதா? வந்தால் மோடத்துக்கு இரண்டு சிம் இடங்கள் இருக்கும், அது காலியான இசிம் இடத்தைப் பார்த்துக்கொண்டு சிம் இல்லை என்கிறது. எம்எம்சிஎல்ஐ வெளியீட்டில் சிம் ஸ்லாட்ஸ் என்ற வரியில் இரண்டு இடம் தெரிந்தால், --செட்-பிரைமரி-சிம்-ஸ்லாட்=1 என்று கொடுங்கள். எது 1, எது 2 என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறலாம், அதனால் 1இல் வரவில்லையென்றால் 2 கொடுத்துப் பாருங்கள். மாற்றியதும் மோடம் ஒருமுறை காணாமல் போய்த் திரும்பி வரும், அப்போது அதன் வரிசை எண் 0இலிருந்து 1 ஆகியிருக்கும். பலர் பழைய எண்ணையே கொடுத்துவிட்டு மோடம் போச்சு என்று பதறுவார்கள். எப்போதும் எனி என்றே கொடுங்கள், அந்தத் தொல்லை இல்லை.

இந்த இட மாற்று வசதி மோடம்மேனேஜர் 1.16இலிருந்து உண்டு, உங்களுடையது 1.20 என்பதால் பயமில்லை.

புதுத்தடம்:
சரியாகச் சொன்னீர்கள், இசிம் இடத்தில்தான் இருந்தது. மாற்றியதும் சிம் கிடைத்தது, நிறுவனத்தின் பெயரும் வருகிறது. ரெஜிஸ்டர்ட் வரை போய்விட்டேன். இணைப்பைச் சொடுக்கினால் கனெக்டட் என்றுகூட வருகிறது. ஆனால் பிரவுசரில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. டபிள்யூவான்0 இடைமுகத்துக்குக் கையால் டிஎச்சிபி (ஐபி முகவரி கேட்டு வாங்கும் முறை) ஓட்டிப் பார்த்தேன், பதிலே இல்லை.

வேகப்பாதை:
இங்கே எனக்கு அனுபவம் உண்டு. டிஎச்சிபியை விட்டுவிடுங்கள், இந்த மோடங்களில் அது தேவையில்லை. ஐபி முகவரியை பேரர் (நிறுவனத்தோடு அமையும் தரவு இணைப்பு) என்ற பகுதியில் மோடமே தருகிறது, நெட்வொர்க்மேனேஜர் அதை வாங்கி இடைமுகத்தில் நிலையான முகவரியாக எழுதுகிறது. எம்எம்சிஎல்ஐ -எம் எனி கொடுத்து பேரர் எண்ணைப் பார்த்து, எம்எம்சிஎல்ஐ -பி (ஆங்கில b) அந்த எண் என்று கொடுங்கள், ஐபிவி4, ஐபிவி6 இரண்டில் எது வந்திருக்கிறது என்று தெரியும்.

ஐபிவி6 மட்டும் வந்திருந்தால் அதுதான் உங்கள் பிரச்சினை. பல மொபைல் நிறுவனங்கள் இப்போது ஐபிவி6 முகவரி மட்டும்தான் தருகின்றன, பழைய ஐபிவி4 தளங்களுக்குப் போனில் கிளாட் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் லேப்டாப்பில் அது இல்லை. இணைப்பின் ஐபி வகையை ஐபிவி4வி6 என்று கேட்டுப் பாருங்கள், நிறுவனம் இரண்டையும் தருவதாக இருந்தால் தந்துவிடும். ஏபிஎன்னும் (நிறுவனத்தின் எந்த வாயில் வழியாக இணைவது என்று குறிக்கும் பெயர்) சரியாக இருக்க வேண்டும். மெனுவில் வரும் பட்டியலில் ஒரே நிறுவனத்துக்கு நாலைந்து ஏபிஎன் இருக்கும், அதில் சில எம்எம்எஸ்ஸுக்கு மட்டுமானவை, அதைத் தேர்ந்தெடுத்தால் கனெக்டட் என்று வரும், எதுவும் திறக்காது.

கர்னல்வாசி:
வேகப்பாதை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்டிஇயில் இரண்டு ஏபிஎன் விஷயம் உண்டு. மோடம் கோபுரத்தில் பதிவாகும்போதே ஒரு பேரர் உருவாகிறது, அதற்கு இனிஷியல் இபிஎஸ் பேரர் என்று பெயர். அதன் ஏபிஎன் தவறாக இருந்தால் சில நிறுவனங்கள் பதிவையே மறுக்கும், நீங்கள் பிறகு கனெக்‌ஷனில் என்ன எழுதினாலும் பயன் இல்லை. புதுத்தடம் ரெஜிஸ்டர்ட் வரை வந்துவிட்டார், அதனால் அவருக்கு இது இல்லை. ஆனால் டினைட் என்று நின்றுவிடும் யாராவது இந்த இழைக்கு வந்தால், --3ஜிபிபி-செட்-இனிஷியல்-இபிஎஸ்-பேரர்-செட்டிங்ஸ் என்பதில் ஏபிஎன்னைக் கொடுத்துப் பாருங்கள்.

புதுத்தடம்:
ஐபிவி6 மட்டும்தான் வந்திருந்தது. வகையை ஐபிவி4வி6 என்று மாற்றியதும் இரண்டும் வந்தன, இப்போது இந்தப் பதிலையே அந்த மோடம் வழியாகத்தான் எழுதுகிறேன்! வேகம்தான் போனைவிடக் குறைவாக இருக்கிறது.

நான்காவதுபட்டை:
சிக்னலின் அளவை எண்ணாகப் பாருங்கள், பட்டைகளை நம்பாதீர்கள். எம்எம்சிஎல்ஐ -எம் எனி --சிக்னல்-செட்டப்=10, பிறகு --சிக்னல்-கெட். ஆர்எஸ்ஆர்பி (கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலிமை, டிபிஎம் அலகில்) என்ற மதிப்பு -80 அருகில் இருந்தால் நன்று, -110க்குக் கீழே போனால் சிரமம், -120ஐ எட்டினால் இணைப்பே தள்ளாடும். அருகில் போனை வைத்து அதன் மதிப்பையும் ஒப்பிடுங்கள். போனில் -90, லேப்டாப்பில் -115 என்பது போல் பெரிய இடைவெளி இருந்தால் ஆன்டெனா கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். மோடத்தின் மேல் எம்எச்எஃப்4 என்ற சின்னஞ்சிறு இணைப்பான்கள் இருக்கும், மெயின் என்று குறித்த இடத்துக் கம்பி கழன்றிருந்தாலும் துணை ஆன்டெனாவை வைத்து மோடம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் மோடம் பிறகு சேர்க்கப்பட்டதென்றால் ஆன்டெனா கம்பியே திரைப் பகுதிக்குள் ஓட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், மோடத்துக்கான இடம் இருக்கும் எல்லா மாடல்களிலும் கம்பி இருப்பதில்லை.

புதுத்தடம்:
ஆர்எஸ்ஆர்பி -98, போனில் -94. ஆக ஆன்டெனா சரி, இந்த இடத்தில் சிக்னலே அவ்வளவுதான். இதோடு விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று மட்டும். லேப்டாப் மூடியை மூடித் திறந்தால் மோடம் மறைந்துவிடுகிறது. எம்எம்சிஎல்ஐ -எல் கொடுத்தால் மோடம் எதுவும் இல்லை என்கிறது. ரீபூட் பண்ணினால் வருகிறது. டிமெசேஜில் எம்எச்ஐ எம்3 நிலையில் இல்லாமல் விழிக்கிறது, ரீசெட் என்று ஒரு வரி.

கர்னல்வாசி:
இந்த ஒரு இடத்தில் டிரைவரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். எம்3 என்பது எம்எச்ஐயில் மோடத்தின் உறக்கநிலை. உறங்கும்போது டிரைவர் மோடத்தை எம்3இல் விட்டுவிட்டுப் போகிறது, விழிக்கும்போது அங்கேயே இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. நடுவில் லேப்டாப் மோடத்துக்கான மின்சாரத்தை முழுவதுமாக வெட்டிவிட்டால் மோடம் புதிதாகப் பிறந்தது போல் ரீசெட்டில் நிற்கும். டிரைவர் அதை மீட்க முயல்கிறது, சில லேப்டாப்புகளில் மீள்வதில்லை.

/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பைப் படித்துப் பாருங்கள். அதில் எஸ்2ஐடில் என்பதைச் சுற்றி சதுர அடைப்பு இருந்தால் மோடத்தை மட்டும் டி3கோல்ட் (மின்சாரம் முழுவதும் வெட்டப்படும்) நிலைக்குப் போகாமல் தடுக்கலாம், அதற்கு மோடத்தின் பிசிஐ கோப்புறையில் டி3கோல்ட்_அலௌட் என்ற கோப்பில் 0 எழுத வேண்டும். ரீபூட் பண்ணினால் இது போய்விடும், அதனால் வேலை செய்தால் வெண்டர், டிவைஸ் எண்களை வைத்து ஒரு யூடெவ் விதியாக (சாதனம் தெரியும்போது தானாக நடப்பது) எழுதிவிடுங்கள். உறக்கத்தில் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குறையும், அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

டீப் என்பதைச் சுற்றி அடைப்பு இருந்தால் இது உதவாது, அங்கே மின்சாரத்தை வெட்டுவது பயாஸ். அப்போது /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் கோப்புறையில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வையுங்கள். அதற்கு உறங்கும் முன் ப்ரீ, விழித்த பின் போஸ்ட் என்ற சொல் கிடைக்கும். ப்ரீயில் மோடம்மேனேஜரை நிறுத்திவிட்டு மோடத்தின் பிசிஐ கோப்புறையில் உள்ள ரிமூவ் கோப்பில் 1 எழுதுங்கள், போஸ்டில் /சிஸ்/பஸ்/பிசிஐ/ரீஸ்கேன் கோப்பில் 1 எழுதிவிட்டு மோடம்மேனேஜரை மறுபடி தொடங்குங்கள். மோடம் புதிதாகச் செருகியது போல் வரும். பூட்டும் திரும்ப விழும், ஆனால் எனேபிள் பண்ணும்போது மோடம்மேனேஜர் அந்த லிங்க்கைப் பார்த்து அதுவாகவே திறந்துகொள்ளும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

சாம்பல்திரை:
யூஎஸ்பி மோடத்துக்கும் இதே வழியா? என்னுடையதும் பூட்டுதான், லிங்க் போட்டதும் திறந்துவிட்டது. ஆனால் பேட்டரியில் ஓடும்போது மட்டும் சும்மா வைத்திருந்தாலே சற்று நேரத்தில் விழுந்துவிடுகிறது, சார்ஜர் போட்டால் விழுவதில்லை.

கர்னல்வாசி:
டிஎல்பி (பேட்டரியைச் சேமிக்கும் நிரல்) நிறுவியிருக்கிறீர்களா? பேட்டரியில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை உறங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்டைத்தான் பார்க்க வேண்டும். டிஎல்பி அமைப்புக் கோப்பில் யூஎஸ்பி_எக்ஸ்குளூட்_டபிள்யூவான் என்ற வரி இருக்கும், அதை 1 ஆக்குங்கள்.

புதுத்தடம்:
எனக்கு எஸ்2ஐடில்தான். டி3கோல்ட்டை 0 ஆக்கியதும் மூடி திறந்தாலும் மோடம் அப்படியே இருக்கிறது, இரவு முழுக்க மூடி வைத்தும் பார்த்துவிட்டேன். யூடெவ் விதியும் எழுதிவிட்டேன். கர்னலைத் தொடவே இல்லை, அதே 6.1தான் ஓடுகிறது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சாம்பல்திரை:
டிஎல்பி இருந்தது, அந்த வரி 0இல் இருந்தது. 1 ஆக்கிய பிறகு பேட்டரியிலும் இணைப்பு விழவில்லை.